துண்டு வெட்டிய பின்னர்

காலில் சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே வைத்தியசாலையில் துண்டு வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். கட்டிலுக்கு வேறு நோயாளர் காத்திருக்கும்போது அதைக் குறை கூற முடியாது. ஆனால் எலும்பு அன்றைக்குப் பொருந்திவிடுவதில்லை. தொடை எலும்போ முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்போ முறிந்து கம்பி வைத்தவருக்கு, அது ஒட்டுவதற்குப் பொதுவாக 3, 4 மாதங்கள் செல்லும். சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். சிகிச்சையின் பெரும்பகுதி நமது வீடுகளிலும் கொட்டில்களிலுமே நடக்கின்றது. அந்தப் பகுதியை நாம் அந்தந்தக் குடும்பத்தின் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம்.

ஆவணியில் கால் முறிந்த ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். காலபோக விதைப்புக்குப் புரட்டாதி, ஐப்பசியில் வயலில் இறங்க வேண்டும். அப்போது அவர் இரண்டு ஊன்றுகோலில் நிற்கிறார். களையும் பசளையும் பார்க்க வேண்டிய நாட்களிலும் அவரால் வரம்பில் நடக்க இயலாது. சொந்த ஊராயின் அண்ணன் தம்பிமாரும் மைத்துனரும், வரம்புக்கு வரம்பு காணி வைத்திருந்த அயலவரும் உழுது விதைத்துக் கொடுத்திருப்பார்கள். அதை ஒருவரும் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. இடப்பெயர்வு அந்த வரம்பு உறவையும் கலைத்துவிட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னமும் தமது காணிக்குத் திரும்பவில்லை. குத்தகைக் காணியில் பயிர் செய்பவருக்குக் கால் முறிந்தாலும் குத்தகை முறிவதில்லை. ஆகவே மூன்றாம் கிழமையே மண்வெட்டியைத் தூக்குகிறார். வைத்தியர் சொன்ன காலத்துக்கு முன்னர் பாரம் கொடுத்தால் உள்ளே வைத்த கம்பியே வளையலாம், உடையலாம். பிறகு மீண்டும் சத்திரசிகிச்சை. அவரைப் பிடிவாதக்காரர் என்று ஏசுவது சுலபம். உலை வைக்க அரிசி இல்லாத வீட்டில் ஓய்வெடு என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பெண்ணின் கால் முறிந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் ஒற்றைக் காலில் நின்று சமைப்பதை ஒருவரும் வேலை என்று கணக்கெடுப்பதே இல்லை.

மறுபுறத்தில், அன்பினாலே கெடுக்கும் வீடுகளும் உண்டு. ஓய்வு என்றால் அசையாமல் கிடத்தல் என்று நினைத்துவிடுகிறார்கள். கிழமைக்கணக்கில் கிடந்தால் தசை மெலிந்து மூட்டு இறுகிவிடும். கெண்டைக்காலில் இரத்தம் உறைவதற்கும் இடமுண்டு. வைத்தியர் தடுக்காதவிடத்து, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டிய வேலை. மிதிவெடியாலோ சலரோகத்தாலோ முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு, நோகும் என்று முழங்காலின் கீழ் தலையணை வைத்துவிடுவார்கள். அந்தத் தலையணையில் முழங்கால் மடிந்தபடியே இறுகினால், பின்னர் செயற்கைக்கால் பொருத்துவது பெரும் பாடாகிவிடும். இயன்மருத்துவர் காட்டிக்கொடுப்பதை நோயாளரோடு வீட்டார் ஒருவரும் நின்று பழக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

பத்தியமும் இப்படித்தான். புண் சீழ் பிடிக்கும், கிரந்தி என்று முட்டையையும் மீனையும் நிறுத்தி, சோறும் ரசமுமாகக் கொடுக்கிறார்கள். புண் ஆறுவதற்கும் தசை வளர்வதற்கும் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பயறு, முருங்கையிலை எல்லாம் கொடுக்கலாம். சலரோகம் போன்ற வேறு நோய் இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தவிர்க்க வேண்டியது பீடியும் சிகரட்டும். புகைத்தல் எலும்பு ஒட்டுவதைத் தாமதிக்கச் செய்யும். இதைப் பத்தியமாகச் சொல்வோர் மிகக் குறைவு!

காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது நாற்றம், கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் நோவும் கண்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே போக வேண்டும். திடீரென மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்ததாக நற்செய்தியில் வாசிக்கிறோம். கூரையைப் பிரித்து இறக்கவும் அவர்கள் தயங்கவில்லை. நமது கமக்கார அமைப்புகளில் அந்த நால்வர் வேண்டும். ஒருவருக்குக் காலில் சத்திரசிகிச்சை என்று அறிந்தவுடன், அந்தப் போகத்தில் அவரது காணியை உழுது விதைப்பது யார், எந்த நாளில் என்று கூட்டத்தில் தீர்மானித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதினால் அது பிச்சையாகாது. குணமானபின் அவரும் தன் முறைக்கு வருவார். சங்கக் கடன் இருந்தால் தவணையை அறுவடைக்குப் பின் தள்ளிவைக்கலாம்.

இன்னொன்று. செத்தவீட்டுக்குக் கொடுக்கவென்று நமது மரண உதவிச் சங்கங்களிடம் கதிரையும் தகரப் பந்தலும் இருக்கின்றன. உயிரோடு இருப்பவருக்காக இரண்டு சோடி ஊன்றுகோல் ஏன் இல்லை? குந்தியிருக்கும் மலசலகூடமே பெரும்பாலான நமது வீடுகளில் உண்டு. கால் மடக்க இயலாதவர் அதற்குப் பயந்து உண்ணாமலும் குடியாமலும் விடுவதை நாம் கண்டிருக்கிறோம். நடுவில் துவாரம் வெட்டிய உறுதியான மரக்கதிரை ஒன்றைக் குழிக்கு மேல் வைத்தால் போதும். ஊர்த் தச்சரே செய்வார். சனசமூக நிலையத்தில் அப்படி ஒன்றை வைத்திருந்தால் வீட்டுக்கு வீடு மாறிப் போகும்.

ஊன்றுகோலை இரவல் கொடுக்கும்போது உயரத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். மேற்பகுதி கக்கத்தில் அழுத்தாமல், இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் கையில் நிற்க வேண்டும். அடியிலுள்ள றப்பர் மணலிலும் கிரவலிலும் விரைவாகத் தேய்ந்துவிடும். கிணற்றடி ஈரத்தில் தேய்ந்த றப்பர் வழுக்கும். வாங்கும்போதே மேலதிகமாக இரண்டு சோடி வாங்கி வைப்பது நல்லது.