பயம் அறியாத தீவு

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்தில், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே காலபாகஸ் தீவுகள் இருக்கின்றன. ஈக்வடார் நாட்டைச் சேர்ந்தவை. அவற்றில் மேற்குக் கோடியில் இருப்பது பெர்னாண்டினா. அதைத் தீவு என்று சொல்வதைவிட, கடலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் எரிமலை என்று சொல்வதே பொருந்தும். 2024 மார்ச்சில்கூட நெருப்பைக் கக்கியது. அங்கே மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு நாள் சுற்றிய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

காலையில் கப்பலை விட்டு இறங்குமுன் வழிகாட்டிப் பெண் ஒரு வாளித் தண்ணீரைக் காட்டி, "செருப்பின் அடியைக் கழுவுங்கள்" என்றாள். கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றுகிறோம். இங்கே கழுவிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்! அதோடு விட்டாளா? என் கால்சட்டையின் மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு புல் விதையை எடுத்துக் காகிதத்தில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். 'ஒரு விதைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்று மனசுக்குள் முனகிக்கொண்டே படகில் ஏறினேன்.

பயணிகள் கால் வைக்க அனுமதியுள்ள இடம் அந்தத் தீவில் ஒன்றே ஒன்றுதான். புன்டா எஸ்பினோசா என்று பெயர். கண்டல் மரங்களைத் தாண்டினால், கயிறு முறுக்கியது போல உறைந்துபோன கறுப்புப் பாறை. அதன்மேல் கரேலென்று ஏதோ குவிந்து கிடந்தது. கிட்டப் போனால் குவியலுக்குக் கண் இருந்தது!

அவைதாம் கடல் இகுவானாக்கள். நம் ஓணானையும் உடும்பையும் சேர்த்துப் பிசைந்து செய்தது போன்ற பிராணி. கடலில் இரை தேடும் பல்லி இனம் உலகத்திலேயே இது ஒன்றுதான். குளிர்ந்த நீரில் மூழ்கிப் பாசியைத் தின்றுவிட்டு வந்து, மார்கழி மாதத்துக் கிழவர்களைப் போல வெயில் காய்கின்றன. உடம்பில் சேர்ந்த உப்பை 'உஸ்' என்று மூக்கு வழியாகச் சீறித் தள்ளுகின்றன.

படம் எடுக்கிற மும்முரத்தில் நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். "அசையாதீர்கள்!" என்று கூவினாள் வழிகாட்டி. திரும்பிப் பார்த்தேன். என் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் ஓர் இகுவானா. பாறையின் நிறமே அதன் நிறம். அது இம்மியும் நகரவில்லை.

"இதற்கு ஓடத் தெரியாதா?" என்றேன்.

"பருந்தைக் கண்டால் ஓடும், ஐயா. மனிதனைக் கண்டு ஓட வேண்டும் என்று அதற்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை" என்றாள்.

சற்றுத் தள்ளி ஒரு நீர்க்காகம், இரண்டு சிறகுகளையும் விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. நம் ஏரிக்கரையிலும் நீர்க்காகம் இப்படி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இதன் சிறகுகளோ பிய்ந்துபோன குடைத்துணி மாதிரி இருந்தன! பறப்பதற்கு வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். தரையில் துரத்துவார் இல்லை. இரையோ காலடியில் உள்ள கடலிலேயே கிடைக்கிறது. பிறகு பறப்பானேன்? தலைமுறை தலைமுறையாகச் சிறகு குறுகிப்போய்விட்டது. இந்தத் தீவையும் பக்கத்து இசபெலாத் தீவையும் விட்டால் இந்தப் பறவை வேறெங்கும் இல்லை. 2020-ல் எண்ணியபோது மொத்தம் 2,220 இருந்தன.

மாலையில் படகில் கரையோரமாகச் சுற்றினோம். கடலாமைகள் தலை தூக்கி மூச்சு வாங்கின. பெங்குவின்கள் மீனைத் துரத்திக்கொண்டு படகுக்கு அடியில் பாய்ந்தன. பூமத்திய ரேகையில் பெங்குவினா என்று கேட்கிறீர்களா? மேற்கேயிருந்து ஆழத்தில் ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம் இந்தத் தீவுகளில் மோதி, குளிர்ந்த நீரை மேலே தள்ளுகிறது. அந்த நீரில் மீனும் பாசியும் கொழிக்கின்றன. 1982–83-ல் எல் நினோவினால் கடல் சூடேறியபோது, நீர்க்காகங்களில் ஏறக்குறைய பாதியும் பெங்குவின்களில் நாலில் மூன்று பங்குக்கு மேலும் மாண்டுபோயின. எஞ்சியவை மெல்ல மெல்லப் பெருகின.

கடல் செய்த கொடுமையிலிருந்து பிழைத்தவை, மனிதன் செய்கிற கொடுமையிலிருந்து பிழைக்குமா? ஜலசந்திக்கு அந்தப் பக்கம் தெரிந்த இசபெலாவைக் காட்டி வழிகாட்டி சொன்னாள்: மனிதர்கள் கொண்டுவந்த ஆடுகள் அங்கே வடபகுதியில் பல்கிப் பெருகி, ராட்சத ஆமைகளின் தீனியையெல்லாம் மொட்டையடித்துவிட்டன. பெரும்பாடு பட்டு 2006-ல்தான் அவற்றை ஒழித்தார்களாம். பெர்னாண்டினாவிலோ வெளியிலிருந்து வந்த ஆடும் இல்லை, பூனையும் இல்லை, எலியும் இல்லை. கர்ப்பிணியான எலி ஒன்று கரையேறினால் போதும். பறக்க மறந்த பறவையின் முட்டைகள் என்ன ஆகும்?

பயம் அறியாமல் இருப்பது அந்த ஜீவன்களின் பாக்கியம். அந்தப் பாக்கியம் நிலைப்பதும் நிலைக்காததும் அங்கே போய் வருகிறவர்களின் கையில் இருக்கிறது, காலிலும் இருக்கிறது!

கப்பலுக்குத் திரும்பியதும் அந்தப் பெண் மறுபடியும் வாளியைக் காட்டினாள். இந்தத் தடவை நான் முனகவில்லை. செருப்பைத் தேய்த்துக் கழுவியதோடு, அவள் கேட்காமலே கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்து உதறிக் காட்டினேன்.