தண்டவாளம் காப்பவரைக் காப்பது யார்?

இரவு ரெயிலில் ஏறிப் படுக்கும் பயணி, காலையில் கண் விழிக்கும்போது ஊர் வந்து விடுகிறது. வழியெல்லாம் தண்டவாளத்தைச் சீராக வைத்திருப்பவர்கள் யார் என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

'கேங்மேன்' என்று மக்கள் அழைக்கும் தொழிலாளர்களே அவர்கள். ஆண்களும் பெண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களில் 'கீமேன்' என்பவர் தினமும் தம் பகுதி முழுவதும் நடந்தே செல்கிறார். கையில் சுத்தியல், ஸ்பானர், சிவப்புக்கொடி. கழன்ற கிளிப்பை அடித்து இறுக்குவார். விரிசல் கண்டால் ரெயிலை நிறுத்துவார். ஆயிரம் பயணிகளின் உயிர் அவர் கண்ணில் இருக்கிறது.

அவருடைய உயிர்?

மணிக்கு 110 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் ரெயில், ஒரு விநாடியில் 30 மீட்டர் ஓடும். 300 மீட்டர் தூரத்தில் அதைப் பார்த்தால், விலகுவதற்கு இருப்பது 10 விநாடிதான். டிரைவர் பிரேக் போட்டாலும் ரெயில் உடனே நிற்காது.

நீராவி என்ஜின் புகை விட்டு, இரைந்து கொண்டு வரும். மின்சார ரெயில் அப்படி அல்ல. அதிகச் சத்தமில்லாமல் வந்து விடுகிறது.

இரட்டைப் பாதையில் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு ரெயிலுக்கு வழி விட்டு அடுத்த பாதையில் போய் நிற்பவர்கள், எதிரே வரும் மற்றொரு ரெயிலைக் கவனிக்காமல் போகலாம். முதல் ரெயிலின் இரைச்சல் இரண்டாவதன் ஓசையை மறைத்து விடும்.

இது இந்தியாவில் மட்டும் உள்ள ஆபத்து அல்ல. 2019 ஜூலை 3-ந் தேதி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மார்கம் என்ற இடத்தில் 3 தொழிலாளர்கள் ரெயில் ஓடும் பாதையில் வேலை செய்தார்கள். இரைச்சலிடும் எந்திரம் ஓடியதால் காதுகளை மூடியிருந்தார்கள். ரெயில் வருகிறது என்று எச்சரிக்கத் தனி ஆள் நிறுத்தப்படவில்லை. டிரைவர் ஹாரன் ஒலித்தார். அது அவர்களுக்கு எட்டவில்லை. இருவர் மாண்டனர். மூன்றாமவர் மயிரிழையில் தப்பினார்.

வசதி மிகுந்த நாட்டிலேயே இப்படி! அங்கே எந்திரம் இருந்தது. காவல் இல்லை.

செய்ய வேண்டியது என்ன? வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் ரெயிலை மட்டுமே பார்த்து நிற்க வேண்டும். அவர் கையில் கடப்பாரை கொடுக்கக்கூடாது. ஆள் குறைவு என்று சொல்லி அவரையும் வேலைக்கு இழுத்தால், மற்ற அனைவருக்கும் கண் போய் விடும். ரெயில் வருவதைச் சத்தமிட்டுச் சொல்லும் 'ரக்ஷக்' போன்ற கருவிகள், தனியாக நடக்கும் ஒவ்வொரு கீமேனுக்கும் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு, வேலை முடியும் வரை அந்தப் பாதையில் ரெயிலையே விடாமல் இருப்பதுதான். இதை 'லைன் பிளாக்' என்கிறார்கள். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதிகாரிகள் அதைக் குறைக்கப் பார்க்கக்கூடாது. பயணிகளும் சற்றே பொறுக்க வேண்டும்.

ரெயில் அரை மணி தாமதமானால், பயணி அரை மணி தாமதமாக வீடு போய்ச் சேருவார். அந்த அரை மணியைக் கொடுக்க மறுத்தால், ஒரு தொழிலாளி வீடு போய்ச் சேராமலே போகலாம்.