நூதனசாலையில் உழைப்பாளிக்கும் இடம் வேண்டும்



மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளைகளும் பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். கண்டி மன்னரின் சிம்மாசனமும் முடியும் அங்கே உள்ளன. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. சீனம், பாரசீகத்தோடு தமிழும் அதில் பொறிக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கட்டும். அந்த நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டபோது நாட்டின் ஏற்றுமதிக்கு முதுகெலும்பாக இருந்தது கோப்பி. அந்தக் கோப்பிக்குக் காடு வெட்டியவர்கள் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்த நம் முன்னோர். அரசனின் முடி வரலாறு என்றால், கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் வரலாறுதான்.

இதை உணர்ந்தவர்கள் கம்பளைப் பக்கம், பழைய பீகொக் தோட்டத்து லயத்திலேயே தோட்டத் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை அமைத்திருக்கிறார்கள். அதையும் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நமது பகுதியிலும் வேலை இருக்கிறது. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு இங்கே குடியேறிய குடும்பங்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டங்களில் உழைத்த குடும்பங்களும் உண்டு. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் போரும் எத்தனையோ வீடுகளின் பெட்டிகளைக் கொண்டுபோய்விட்டன. எஞ்சியிருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா?

பிரஜாவுரிமைச் சான்றிதழ், 1964 ஒப்பந்தக் காலத்து விண்ணப்பங்கள், சம்பளத் துண்டு, சங்கச் சந்தா ரசீது எதையும் எறிந்துவிடாதீர்கள். சேமலாப நிதிக்கு அலையும்போது கைகொடுப்பதும் இந்தக் காகிதங்களே. மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். படம் எடுத்து வையுங்கள். முதியவர்கள் சொல்வதை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதற்கென ஒரு பெண்ணையும் ஓர் இளைஞரையும் பொறுப்பாக்க வேண்டும்.

போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த மட்டக்களப்புக் கோட்டையை நாம் மரபுரிமை என்று போற்றுகிறோம். நல்லது. இந்த மாவட்டத்தின் உழைப்பாளர் வரலாற்றுக்கும் பொதுச் செலவில் ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும். சலுகையாக அல்ல, உரிமையாகவே கேட்கிறோம்.