மாறிய புண்ணும் மாறாத நோயும்

இவ்வாரம் நான் எடுத்துக்கொண்ட விடயம் குடும்பப் பகுதியிற் பேசத் தகுந்ததோ என்று அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். குடும்பத்தின் வேரையே அரிக்கவல்ல ஒன்றைக் குடும்பப் பகுதியிற் பேசாது வேறெங்கே பேசுவது? பாலியல் தொடர்பினாற் பரவும் நோய்களைப் பற்றியும், ஒரு கொள்ளைநோயின் நிழலில் அவை எவ்வாறு ஒளிந்திருந்தன என்பதைப் பற்றியும் இன்று எழுதுகிறேன்.

2020ஆம் ஆண்டின் பங்குனி மாதத்தை யாழ்ப்பாணத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பிற மாவட்டங்கள் பலவற்றில் அது இடையிடையே தளர்த்தப்பட்ட போதும், எங்கள் மாவட்டம் பூட்டிய படலைக்குள்ளேயே கிடந்தது. சித்திரை வருடப்பிறப்பன்று கோயில் வீதியிற்கூட ஆளரவம் இல்லை.

அக்காலத்தில் அரசாங்கம் நல்லதோர் ஒழுங்கைச் செய்தது. கிளினிக்குகளில் மாதந்தோறும் மருந்து பெறுவோருக்கு அம்மருந்துகள் தபால்மூலம் வீடு தேடிச் சென்றன. அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய குளிசைகளைத் தபாற்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால், ஒருவருக்குமே சொல்லாத நோய்க்கு மருந்தை யார் கொண்டுவந்து கொடுப்பார்?

இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியவன் என் பழைய மாணவன் ஒருவன். அவனுக்குக் கொழும்பில் உத்தியோகம், மனைவியோ ஊரில். ஊரடங்குக்குச் சில நாட்கள் முன்பாக அவன் வீடு வந்து சேர்ந்திருந்தான். வைகாசி மாதத்தின் ஓரிரவு எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

“சேர், உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். வேற ஆரிட்டயும் கேக்கேலாது” என்று தொடங்கியவன், நெடுநேரம் மௌனமாயிருந்தான். பின்னர் தயங்கித் தயங்கிக் கூறினான். ஊருக்கு வந்த சில நாட்களில் மறைவிடத்தில் ஒரு புண் தோன்றியதாம், நோகவில்லையாம். ஆஸ்பத்திரி திறந்துதானிருந்தது. ஆனால், வழியில் மறிக்கும் பொலிசாருக்கு எந்தக் கிளினிக்குக்குப் போவதாகச் சொல்வது? வீட்டாருக்குத்தான் என்ன சொல்வது? இப்படி எண்ணியே நாட்களைக் கடத்திவிட்டான். ஊரடங்கு தளர்ந்தபோது புண்ணும் மாறிவிட்டது.

“புண் மாறியிட்டுது, சேர். இனிப் பயமில்லைத்தானே?” என்று கேட்டான்.

எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அவன் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

சிபிலிஸ் என்னும் நோயின் வஞ்சகமே இதுதான். எங்கள் பரியாரிமார் கிரந்தி என்றும் பறங்கிப்புண் என்றும் வழங்கியது இதனையே. நோய்க்கிருமி உடலிற் புகுந்து ஏறக்குறைய மூன்று வாரங்களில், சிலருக்கு இன்னும் பிந்தி, நோவற்ற ஒரு புண் தோன்றும். எம்மருந்தும் இடாமலே மூன்று முதல் ஆறு வாரங்களில் அது தானாக மாறிவிடும். மாறுவது புண்; நோயன்று. கிருமி இரத்தத்திற் கலந்துவிடுகிறது. பின்னர் தோலிற் தடிப்புகள் தோன்றலாம், அவையும் மறைந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்து, இருதயத்தையும் மூளையையும் தாக்கவுங் கூடும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவிலிருக்கும் சிசுவும் தப்பாது; குழந்தை இறந்து பிறக்கலாம், அல்லது நோயுடன் பிறக்கலாம்.

“மனுசிக்கு மாசியில இரத்தம் சோதிச்சவை, சேர். ஒண்டும் இல்லையெண்டு காட்டில எழுதியிருக்கு” என்றான் அவன்.

உண்மைதான். இலங்கையிற் கர்ப்பிணித் தாய்மார் யாவருக்கும் ஆரம்பத்திலேயே இவ்விரத்தப் பரிசோதனை செய்யப்படுகின்றது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை 2019 டிசெம்பரில் அங்கீகரித்தது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதர்களின் கால்தேய்ந்த உழைப்பு அப்பெருமையில் அடங்கியிருக்கிறது. எனினும், மாசியிற் செய்த பரிசோதனை பங்குனியில் வந்த நோயை எங்ஙனம் அறியும்? அக்குழந்தையைக் காக்கவல்லது அவ்வேளையில் ஒன்றேயொன்றுதான்: அவன் வாய்திறந்து சொல்லும் உண்மை.

அதை அவனுக்குச் சொன்னேன். கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பில் அவனுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இனப்பெருக்கத் தொகுதியைப் பற்றிய பாடம் வந்தபோது, “இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று கூறிப் பக்கத்தைப் புரட்டிவிட்டவனும் நானே. அன்று நான் விழுங்கிய சொற்களைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவன் அந்த இரவிற் தேடித் தடுமாறினான்.

நோயைப் பிறர்மேற் சுமத்துவது மனித குலத்தின் பழைய வழக்கம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோய் ஐரோப்பாவிற் பரவியபோது, இத்தாலியர் அதனைப் பிரெஞ்சுக்காரர் நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நாப்போலி நோய் என்றனர். நாமும் பறங்கியர் தலையிற் போட்டோம். கொரோனாக் காலத்திலும் நோயுற்றவரைக் குற்றவாளிபோற் சுட்டிய விரல்கள் எத்தனை! விரல் நீளுமிடத்தில் நோயாளி ஒளிந்துகொள்கிறான். அவனோடு நோயும் ஒளிந்துகொள்கிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்த கதையன்று. 2020ஆம் ஆண்டின் முற்பகுதியிற் பல நாடுகளிற் பதிவான பாலியல் நோய்களின் தொகை குறைந்தது. நோய் குறைந்துவிட்டதென்று மகிழ்வதற்கில்லை. பரிசோதிக்க வந்தோரும் குறைந்திருந்தனர். 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே புதிதாகச் சிபிலிஸ் தொற்றியோர் 2022இல் உலகெங்கும் 80 இலட்சம் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவிலேயே அவ்வாண்டிற் பிறப்பிலேயே இந்நோய் கண்ட சிசுக்கள் 3,700க்கும் அதிகம். அத்தாய்மாருட் பெரும்பாலோருக்கு உரிய காலத்திற் பரிசோதனையோ சிகிச்சையோ கிட்டியிருந்தால், அக்குழந்தைகள் தப்பியிருப்பர்.

இத்தனைக்கும் இது தீர்க்கமுடியாத நோயன்று. 1943ஆம் ஆண்டிலேயே பென்சிலின் இதனைக் குணப்படுத்துமென்று கண்டறிந்துவிட்டனர். ஆரம்ப நிலையில் வைத்தியர் ஏற்றும் ஒருவேளை பென்சிலின் மருந்தே பெரும்பாலும் போதுமானது. கர்ப்பிணிக்கு ஏற்றினால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் அது மருந்தாகிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் ஏனைய மாவட்டங்களிலும் இதற்கெனக் கிளினிக்குகள் இயங்குகின்றன. பணம் அறவிடுவதில்லை, அந்தரங்கமும் பேணப்படுகின்றது. கணவனுக்கு மட்டும் மருந்து போட்டு மனைவியை விட்டுவிடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். இருவரும் போகவேண்டும்.

என் மாணவன் மறுநாட் காலை மனைவியிடம் சொன்னான். அந்தப் பிள்ளை அழவுமில்லை, ஏசவுமில்லையாம். பின்னேரம்வரை அறைக்குள் இருந்துவிட்டு வெளியே வந்து, “கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும்?” என்று மட்டும் கேட்டாளாம். இருவரையும் பரிசோதித்தார்கள், இருவருக்கும் மருந்து ஏற்றினார்கள். ஆவணியிற் பெண்குழந்தை பிறந்தது. வைத்தியர்கள் பலமுறை பரிசோதித்து நோயில்லையென உறுதி கூறினர். நெடுங்காலம் அவள் அவனோடு தேவைக்குமேற் பேசவில்லை என்று பின்னர் அறிந்தேன். அது அவள் உரிமை. அந்தப் புண்ணுக்குப் பென்சிலின் இல்லை. காலமும் அவன் நடத்தையுமே மருந்து.

நான் இப்போதெல்லாம் அப்பாடத்தைக் கடந்துபோவதில்லை. முதல் ஐந்து நிமிடம் பின்வாங்கில் இருப்போர் சிரிப்பார்கள். பின்பு சிரிப்பு அடங்கிக் கேள்விகள் எழும்பும். பெற்றோரே, உங்கள் வீட்டிலும் அவ்வாறு ஒரு கேள்வி எழும்பினால், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இனியொரு கொள்ளைநோய் வந்து படலைகள் மறுபடி பூட்டப்பட்டாலும், வீட்டுக்குள்ளே வாய்கள் பூட்டப்படாதிருக்கட்டும்.