பழக்கத்தின் மேல் போடும் பழி

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு, வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தி, கைகழுவிவிட்டது. சூளகிரியிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருக்கும் பட்டறைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் அந்தத் தேதி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சிஸ்டம் ஆன் ஆகிறது, டேலி திறக்கிறது, பிரின்ட் வருகிறது, வேறென்ன வேண்டும்? விண்டோஸ் 11-க்கோ இலவச லினக்ஸுக்கோ மாற்றலாமே என்று யாராவது வாயெடுத்தால் முதலாளி முதல் பில் போடுகிற பெண் வரை ஒரே பதில்தான்: "பழகிடுச்சு சார். புதுசா ஒண்ணைப் போட்டா நம்ம ஆளுங்களால முடியாது."

இந்த வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிலைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். சூளகிரிக்குக் கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும் கொண்டுவருகிறவர் தெலுங்கில் பேரம் பேசுவார், பெங்களூர் வியாபாரியிடம் கன்னடத்துக்கு மாறுவார், சீட்டைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்வார். யாரும் இவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. இவரால் புதிதாக ஒன்றைப் பழக முடியாது என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

பட்டறைக்குள் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். நாலைந்து வருஷம் ஃபனுக் கன்ட்ரோலரில் லேத் ஓட்டிய ஆபரேட்டர் முன்னால் ஒரு நாள் சீமென்ஸ் கன்ட்ரோலர் வைத்த மெஷினைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆஃப்செட் போடும் பக்கம் வேறு, அலாரம் எண்கள் வேறு, சைக்கிள்களின் பெயர்கள் வேறு. ஃபனுக் லேத்தில் ஜி71 என்று அடித்தால் ரஃபிங் சைக்கிள், அதாவது கம்பியை முதலில் கரடாகச் சீவி இறக்கும் வேலை. சீமென்ஸில் அதே ஜி71, அளவெல்லாம் மில்லிமீட்டரில் என்பதற்கான கட்டளை. எழுத்தும் ஒன்று, எண்ணும் ஒன்று, வேலை மட்டும் வேறு. இப்படி ஒன்றை மற்றொன்றாக நினைத்து எண்களை மாற்றிப் போட்டால் டூல் போய் ஜாபில் இடிக்கும். அதையும் அந்தப் பையன் சில ஷிப்டுகளில் பிடித்துக்கொள்கிறான். அவனை நம்பி லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினை விடுகிற முதலாளிதான், கணினியில் மெனு வேறு மூலையில் இருந்தால் அவன் திணறிப்போவான் என்று கவலைப்படுகிறார்.

அலுவலக அறையின் கதையும் இதுதான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. இந்த வட்டாரம் மாநில எல்லை, சரக்கு அத்திப்பள்ளியைத் தாண்டாமல் இங்கே பிழைப்பு இல்லை. 2018 பிப்ரவரி 1-இல் சரக்கு வண்டிக்கான இ-வே பில்லைத் தொடங்கினார்கள், முதல் நாளே தளம் படுத்துவிட்டது, ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனது. அப்புறம் இ-இன்வாய்ஸ். 2023 ஆகஸ்டில் அது 5 கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு மேலுள்ள சிறிய யூனிட்கள் வரை இறங்கியது. ஒவ்வொரு தடவையும் திட்டினோம், புலம்பினோம், கற்றுக்கொண்டோம். வழியில் பிடித்தால் வண்டி நிற்கும் என்பதால் டிரான்ஸ்போர்ட் குமாஸ்தாகூடக் கற்றுக்கொண்டார்.

கணினியின் முகமே எத்தனை முறை மாறியிருக்கிறது? 1986-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் டேலி முதலில் டாஸில் ஓடியது. மவுஸே தொடாமல் அதை ஓட்டிய கணக்கர்கள் விண்டோஸுக்கு வந்தார்கள். எக்ஸ்பி போய் 7 வந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனையே காணோம், அடுத்த வருஷம் திரும்பக் கொடுத்தார்கள். எம்எஸ் ஆபீஸ் 2007-இல் பழைய மெனுக்களைத் தூக்கிவிட்டு ரிப்பனை வைத்தார்கள். விண்டோஸ் 11-இல் கீழ்ப்பட்டையின் ஐகான்கள் நடுவுக்கு நகர்ந்தன. ஒருவர்கூட வேலையை விட்டு நிற்கவில்லை. இதற்கு நடுவே பட்டன் போனை வீசிவிட்டு ஊரே ஆண்ட்ராய்டுக்கு மாறியது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். "லினக்ஸ் எல்லாம் நமக்கு ஆவாது" என்று சொல்கிறவர் அதைச் சொல்வதே பெரும்பாலும் ஒரு லினக்ஸ் போனில்.

ஆகவே நாம் மாறாதவர்கள் என்பது கட்டுக்கதை. அடுத்தவர் மாற்றினால் முணுமுணுத்துக்கொண்டே மாறுகிறோம். நாமே முடிவெடுத்து மாற வேண்டும் என்றால் மட்டும் பழக்கத்தைச் சாட்சிக்கு இழுக்கிறோம்.

காரணம் கண்டுபிடிக்க முடியாததல்ல. மைக்ரோசாஃப்ட் மாற்றி, பிரின்டர் வேலை செய்யாமல் போனால் அது அவர்கள் குற்றம். முதலாளியோ சிஸ்டம் பார்க்கிற பையனோ மாற்றி, அதே பிரின்டர் மக்கர் செய்தால் மொத்த ஆபீஸும் அவர் முகத்தைத்தான் பார்க்கும். "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான்" என்பார்கள். மாறுவதில் வரும் கஷ்டத்துக்கு ஒரு பெயர் உண்டு, தேதி உண்டு, திட்டுவதற்கு ஆளும் உண்டு. மாறாமல் இருப்பதில் வரும் நஷ்டம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. நம் தயக்கத்தின் அடியில் இருப்பது இந்தப் பயம். இதில் கற்கும் திறனுக்கு என்ன சம்பந்தம்?

ஏறாத அந்தக் கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம். இங்கே பல மேசைகளில் திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ஓர் எழுத்து தெரியும்: ஆக்டிவேட் விண்டோஸ். அதைப் போக்க ஒரு வழி இருக்கிறது, கடைக்காரப் பையன் பென்டிரைவில் வைத்திருப்பான். 'ஆக்டிவேட்டர்' என்று ஒரு சின்ன புரோகிராம். அதை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது தடுத்துவிடும். நிறுத்துகிறான். யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு முழு அனுமதியும் கொடுத்து ஓட்டுகிறான். எழுத்து மறைகிறது. அந்த சிஸ்டத்திலிருந்துதான் பேங்க் ஓடிபி போடுகிறார்கள், கம்பெனி டிராயிங்குகள் மெயிலில் வருகின்றன. பழகியது என்பதற்காக எதைப் பாதுகாக்கிறோமோ, அதன் நிலைமை இது.

பாதுகாப்பு அப்டேட் இல்லாத சிஸ்டத்தை நெட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதமே பாடம் கிடைத்தது. வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதன் இன்னொரு வடிவம் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளுக்குள் புகுந்தது. புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் மாட்டியதுதான் தொடக்கம். அங்கிருந்து, அப்டேட் செய்யாத விண்டோஸ் 7-இல் ஓடிய மற்ற மெஷின்களுக்குப் பரவியது. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 3 சதவீதம் அடிபடும் என்று கம்பெனியே அறிவித்தது. ஐபோனுக்குச் சிப் செய்கிற ஆலை அது. அதே ஐபோனுக்குப் பாகம் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டிஎஸ்எம்சிக்கு நேர்ந்தது நம் ஜாப் வொர்க் பட்டறைக்கு நேராது என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. அவர்கள் சில நாளில் எழுந்துவிட்டார்கள், நமக்கு நேர்ந்தால் நம்மிடம் பேக்கப்பே இருக்காது.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதும் அல்ல. தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2006-07 வாக்கில் அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார், பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோக முயன்றார். 2008-இல் அவர் அந்தப் பதவியிலிருந்து போனதும் வேகம் போய்விட்டது. 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் தருவதாக ஏற்பாடு. மத்திய அரசின் சி-டாக் சென்னையில், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. எத்தனையோ மாணவர்கள் லேப்டாப் கைக்கு வந்ததும் செய்த முதல் வேலை, கடைக்குப் போய் பாஸ் லினக்ஸை அழித்தது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிகிற நேரத்தில் அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்குப் போகச் சொன்னது. இன்று ஏதாவது ஒரு தாலுகா அலுவலகத்தில் எட்டிப் பாருங்கள், அந்தச் சுற்றறிக்கை என்ன ஆனது என்று தெரியும்.

"பார்த்தீர்களா, மக்கள் ஏற்கவில்லை" என்று இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் பக்கத்துக் கேரளத்தையும் பார்க்க வேண்டும். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகள் பல வருஷங்களாக லினக்ஸில் ஓடுகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை கணினிச் செய்முறைத் தேர்வை எழுதுவதும் அதில்தான். லைசென்சில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் அந்த மாநிலம் ஒரு கணக்குச் சொன்னது. தொகையில் ஒன்றிரண்டு சைபர் தகராறு இருக்கட்டும், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதில் தகராறு இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், லினக்ஸ் திரையை வைத்தே பாடப்புத்தகம் எழுதினார்கள், கெட்டுப்போனால் கூப்பிட ஆள் வைத்தார்கள். நாம் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தோம், அதோடு சரி. பழக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை. விண்டோஸ் பழக்கமும் தானாக வந்ததல்ல, தெருவுக்குத் தெரு இருந்த கம்ப்யூட்டர் சென்டர்களும் காசில்லாமல் கைமாறிய திருட்டு சிடிக்களும் சேர்ந்து ஊட்டியது.

மியூனிக் நகரத்தையும் சொல்வார்கள். 2003-இல் முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்த ஜெர்மன் நகரம் அது. உண்மைதான். அந்தப் பத்துப் பதினைந்து வருஷமும் மியூனிக்கில் குப்பை அள்ளினார்கள், வரி வசூலித்தார்கள் என்பதும் உண்மை. அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கணினிகளை மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது. ஒரு நகரம் திரும்பியதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது.

லினக்ஸ் பக்தர்களையும் இந்த இடத்தில் சும்மா விடக்கூடாது. பிரின்டர் வரவில்லை என்று ஒருவர் கேட்டால் கறுப்புத் திரையில் பத்து வரி அடிக்கச் சொல்கிறவர்கள் இவர்கள். லினக்ஸ் வகைகளில் உபுண்டுவா மின்ட்டா என்று தங்களுக்குள் சைவ வைணவச் சண்டை போடுகிறவர்களும் இவர்களே. சாலிட்வொர்க்ஸிலும் மாஸ்டர்கேமிலும் உயிரை வைத்திருக்கும் டிசைனரிடம் போய் "மாறு" என்றால் அவர் அடிக்க வரத்தான் செய்வார், அவர் பக்கம்தான் நியாயம். அந்த மென்பொருள்கள் விண்டோஸில்தான் ஓடும். டேலியும் அப்படித்தான். அந்த மேசைகளில் ஒரிஜினல் விண்டோஸ் 11-ஐக் காசு கொடுத்து வாங்கிப் போடுங்கள், அதுவும் மாற்றம்தான். கண்ணை மூடிக்கொண்டு பழையதிலேயே உட்கார்ந்திருப்பது மட்டும்தான் இங்கே தப்பு.

ஆனால் ஒரு யூனிட்டில் டிசைன் மேசை எத்தனை? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றதெல்லாம் கேட் என்ட்ரி, ஸ்டோர்ஸ் இருப்பு, குவாலிட்டி ரிப்போர்ட், மெயில், இ-வே பில், பேங்க். இவற்றில் பெரும்பகுதி பிரவுசரிலேயே நடக்கிறது. பிரவுசருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஜிஎஸ்டி தளம் கேட்பதில்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த பழைய ஐ5 பெட்டிகள் இங்கே ஏராளம். இன்டெல் ஏழாம் தலைமுறைச் சிப்பும் அதற்கு முந்தையதுமாக இருந்தால், ஒருசில மாடல்கள் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதை ஏமாற்றி ஏற்றுகிற வித்தையும் கடைப் பையனிடம் உண்டு. அதே பெட்டியில் லினக்ஸ் மின்ட் எந்த வித்தையும் இல்லாமல் ஓடும். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. எக்செல் மேக்ரோ நிறைய எழுதி வைத்திருந்தால் மட்டும், எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபீஸ் படுத்தும், அப்படிப்பட்ட மேசையைக் கடைசியில் தொடலாம்.

மாற்றத்தைக் கேட் சிஸ்டத்தில் தொடங்கலாம். அங்கே இருப்பது ஒரு ஷீட், ஒரு பிரவுசர், ஒரு பிரின்டர். முதலில் பிரின்டர் மாடலைப் பார்க்க வேண்டும், தகராறு பெரும்பாலும் அங்கேதான். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, பிரின்ட் வருகிறதா என்று பார்த்த பிறகு ஏற்றினால் போதும். பழைய விண்டோஸை உடனே அழிக்கவும் வேண்டாம். இரண்டையும் ஒரே பெட்டியில் கொஞ்ச காலம் வைத்திருக்கலாம். மாதம் ஒரு தடவை வந்து பார்க்க, பாலிடெக்னிக் முடித்த உள்ளூர்ப் பையன் ஒருவனைப் பிடித்துச் சம்பளம் பேசிக்கொள்ள வேண்டும், ஓசி வேலையாக நினைத்தால் மறுபடியும் பாஸ் லினக்ஸ் கதைதான். தவணையை நம்பித் தள்ளிப்போடவும் வேண்டாம்: மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10 வீட்டுக் கணினிகளுக்குக் கொடுத்த கூடுதல் அப்டேட் தவணை 2026 அக்டோபர் 13 வரைதான், அதுவும் பதிவு செய்தவர்களுக்கு.

"எல்லாம் சரி, ஆடிட்டர் ஒத்துக்கமாட்டாரே" என்பது கடைசியாக வரும் ஆட்சேபம். ஆடிட்டருக்கு மாதாமாதம் வேண்டியது ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கான கணக்கும் அவர் திறக்கிற மாதிரி ஒரு ஃபைலும். அது எந்த சிஸ்டத்திலிருந்து வந்தது என்று அவர் இதுவரை கேட்டதில்லை.