தாடை மூட்டு நோயும் சிறு துளைச் சிகிச்சைகளும்

செவியின் முன்புறத்தே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுவோர், அங்கே ஒரு மூட்டு அசைதலை உணர்வர். உண்ணலும் உரையாடலும் இதன் துணையின்றி நிகழா. கீழ்த்தாடை எலும்பின் தலைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் இடையே மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. அவ்வட்டு இடம் பெயரின், வாயை அசைக்குந்தோறும் சொடக்கொலி எழும். சிலர்க்கு வாய் முழுதுந் திறவாது பூட்டிக்கொள்ளும்.

மூட்டை அறுத்துத் திறவாமலே இந்நோயைத் தணிக்கும் முறைகள் இக்காலத்துப் பல உள. அவற்றுள் எது சிறந்தது எனப் பலரும் வினவுகின்றனர். முறை எது என்று வினவுமுன் நோய் எது என்று தெளிதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

1975ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் மாசாதோஷி ஓனிஷி, நுண்ணிய நோக்குக் குழலை இம்மூட்டினுட் செலுத்திக் காணும் ஆர்த்ராஸ்கோபி முறையை வெளியிட்டார். பின்னர் அக்குழல் வழியே மூட்டைக் கழுவி, உள்ளே ஒட்டிக்கொண்ட இழைகளை விடுவித்தபோது, பூட்டிய வாய்கள் திறந்தன. வட்டு பழைய இடத்திற்கு மீளாதிருந்தும் நோவு தணிந்ததே வியப்பு! அங்ஙனமாயின் கழுவுதல் ஒன்றே போதாதோ என்னும் எண்ணம் பிறந்தது. 1991இல் நிட்ஸான் முதலியோர் இரண்டு ஊசிகளை மட்டுங் கொண்டு மூட்டைக் கழுவும் ஆர்த்ரோசென்டெஸிஸ் முறையை விளக்கினர்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவோம். ஊசிக் கழுவலுக்கு அவ்விடத்தை மரக்கச் செய்தலே பெரும்பாலும் போதும்; நோயாளி அன்றே வீடு திரும்பலாம்; செலவுங் குறைவு. ஆயின் மருத்துவர் மூட்டின் உள்ளிடத்தைக் காண்பதில்லை. நோக்குக் குழலோ உள்ளிருப்பதைக் காட்டும். இழைகளை அறுக்கவும் உதவும். சில ஒப்பீடுகளில் வாயை மிகுதியாகத் திறக்கச் செய்ததாகவும் காணப்படுகின்றது. எனினும் அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கமும், விலையுயர்ந்த கருவிகளும், தேர்ந்த கையும் வேண்டும். ஸ்டீராய்டு, ஹயலூரானிக் அமிலம், நோயாளியின் குருதியினின்று பிரித்த நீர் ஆகியவற்றை மூட்டினுட் செலுத்துவாரும் உளர். இவற்றுள் ஒன்றே எவர்க்கும் எப்பொழுதும் மேலானது என்று துணிதற்கில்லை.

“சிறு துளைதானே, செய்து பார்த்தால் என்ன?” என்பாரும் உண்டு. இது பொருந்தாது. இந்நோவு பலர்க்குத் தாடைத் தசைகளினின்றே எழுவது. தசையின் நோவு மூட்டைக் கழுவுவதால் நீங்குமோ? வீக்கமும், முகத்தசைகளின் தற்காலிகத் தளர்ச்சியும் நேர்தலும் உண்டு. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட நெறிமுறை, நாட்பட்ட நோவுக்குத் தாடைப் பயிற்சியையும் மனப்பயிற்சி சார்ந்த சிகிச்சையையும் முன்வைத்தது. மூட்டுக் கழுவலையும் ஹயலூரானிக் அமில ஊசியையும் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. அந்நெறிமுறை நோவைப் பற்றியது. பூட்டிக்கொண்ட வாயின் நிலை வேறு என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் நாம் கூறும் வரிசை இதுவே. முதற்கண் மென்மையான உணவு, தாடைக்கு ஓய்வு, முறையான பயிற்சி. இவற்றாலும் பூட்டிய வாய் திறவாதாயின் ஊசிக் கழுவல். அதுவும் பயன் தாராதவிடத்து நோக்குக் குழல். துளையின் சிறுமை சிகிச்சைக்குக் காரணமாகாது. நோயின் தேவையே காரணமாதல் வேண்டும். பல் மருத்துவம் பயிலப் புகும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராயின், ஊசி வேண்டாதார் அதற்கு ஆளாகாமலும், வேண்டுவார் காலந்தாழ்த்து வருந்தாமலும் காப்பர்.