சேலையில் உங்கள் பெயர் எங்கே?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டது. பையன் கேம்ஸ் ஆடுகிறான், நீங்கள் சினிமா பார்க்கிறீர்கள். அவ்வளவுதானா?

‘பர்சனல் பிராண்டிங்’ என்ற வார்த்தை இப்போது எங்கும் அடிபடுகிறது. உங்களுக்குப் பிடித்த, கைதேர்ந்த ஒரு வேலையைச் சொன்னதும் உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வரும்படி செய்வதுதான் அது. லோகோ, விசிட்டிங் கார்டு, கோட்டு போட்ட போட்டோ என்று இதை ஐ.டி. கம்பெனிக்காரர்களின் சமாச்சாரமாகப் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், இது அதிகம் தேவைப்படுவது ஆரணி போன்ற ஊரில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான்.

பட்டு வியாபாரத்தையே பாருங்கள். 1928-ல் நல்லி சின்னசாமி செட்டி சென்னை தி.நகரில் தொடங்கிய கடை இன்றும் ‘நல்லி’ என்ற பெயரில்தான் நடக்கிறது. காஞ்சிபுரம் என்றால் ஊரின் பெயரே பிராண்டு. ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் ஆரணிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டே “காஞ்சிபுரம்தானே?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த சில்க் மார்க் லேபிள், இது சுத்தப் பட்டு என்று சொல்லும். 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க், இது கைத்தறி என்று சொல்லும். கடைக்குப் பெயர் இருக்கிறது, ஊருக்குப் பெயர் இருக்கிறது, நூலுக்கும் தறிக்கும் சான்று இருக்கிறது. நெய்தவர் யார் என்பதைத்தான் காணோம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு கோ-ஆப்டெக்ஸ். 1935-ல் தொடங்கிய இந்தக் கூட்டுறவு நிறுவனம், நெய்தவரின் பெயரும் போட்டோவும் போட்ட அட்டையைப் பட்டுச் சேலையோடு இணைத்து விற்றிருக்கிறது. விலைச்சீட்டைத் தேடுகிற பெண்மணி ஒரு மனிதரின் முகத்தையும் பார்த்துவிடுகிறார். செலவு என்னவோ ஒரு துண்டு அட்டைதான். அந்த அட்டையைத் தயார் செய்யும் சாதனம் இப்போது உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது.

“கூலிக்கு நெய்கிறவனுக்கு ஏதுங்க பிராண்டு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாவு, ஊடை, சரிகை, டிசைன் எல்லாம் முதலாளியுடையது, இல்லையென்றால் சொசைட்டியுடையது. சேலையைக் கொடுத்துக் கூலியை வாங்கியதும் கணக்கு முடிந்துவிடும். அந்தச் சேலையை நீங்கள் விற்க முடியாது, விற்கவும் கூடாது. ஆனால் கைவேலை உங்களுடையது. கரைக்கும் உடலுக்கும் தனித்தனி ஊடை போட்டுக் கோர்க்கும் கோர்வை வேலை ஒருவருக்கு அழகாக வரும், பக்கத்துத் தறிக்காரருக்கு வராது. இன்னொருவர் பழைய சேலையைப் பார்த்தே டிசைனைக் கிராஃப் தாளில் இறக்கிவிடுவார். வேறொருவர் ஜக்கார்டு அட்டை கட்டுவதில் மன்னன். (மௌஸைத் தொடப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்சில் 1804-ல் வந்த அந்த ஜக்கார்டு துளை அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். உங்கள் தறிக்குக் கம்ப்யூட்டர் பேரன் முறை!) உங்களிடம் இருப்பது இதில் எது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். “எல்லாம் செய்வேன்” என்கிறவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இன்றே ஒரு ஃபோல்டர் திறந்து உங்கள் பெயரை வையுங்கள். நெய்து முடிக்கும் ஒவ்வொரு சேலைக்கும் பகல் வெளிச்சத்தில் இரண்டு போட்டோ போதும். ஒன்று கோர்வை சேரும் இடத்தின் க்ளோசப், மற்றொன்று தறியில் உங்கள் கை. ஃபைல் பெயரில் தேதி இருக்கட்டும். கூடவே எத்தனை நாள் பிடித்தது, எந்த இடத்தில் கஷ்டப்பட்டீர்கள் என்று யூனிகோட் தமிழில் நாலு வரி டைப் செய்துவிடுங்கள். இருபது சேலை சேர்ந்த பிறகு வெளியில் காட்டினால் போதும், அவசரம் வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: புது டிசைனின் முழுப் படத்தை முதலாளியைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்து எங்கேயோ பவர்லூமில் ஓட்டிவிடுவார்கள், நஷ்டம் அவருக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. அதேபோல, தேடுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ஆரணிச் சேலைக்குக் ‘காஞ்சிபுரம்’ என்று பெயர் போடும் வேலையும் வேண்டாம். பதிவான ஊர்ப் பெயரை வேறு ஊர்ச் சரக்குக்குப் போடுவது 1999-ஆம் வருடப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். அது போகட்டும், இருக்கிற ஆரணிப் பெயரை நாமே மறைத்தால் வேறு யார் சொல்வார்கள்?

லைக் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு கல்யாண வீட்டார் கடையில் வந்து, “இவரே நெய்யணும், பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை” என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால், அடுத்த கூலிப் பேச்சில் உங்கள் குரலும் எடுபடும். நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வெறும் ‘முருகன்’ என்று தேடினால் லட்சம் பேர் வருவார்கள், எனவே பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஆரணிக்கு இரண்டு ஸ்பெல்லிங் புழங்குகிறது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி இருப்பதால், ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்பதையும் மறக்காமல் டைப் செய்யுங்கள்.